கடிகாரத்திலிருந்து உதிர்ந்த தூள்

அந்த வியாழக்கிழமை மதியம் என் பெண் மாங்காய் சாப்பிடுவதற்கு முன் கை கழுவினாளா இல்லையா என்று நினைவுக்குக் கொண்டுவர நான் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். கராஜில் என் பக்கத்து ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. மடியில் தட்டு, தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய துண்டுகள். கடிகாரத்திலிருந்து உதிர்ந்ததை அவள் விரலால் தொட்டதும் நினைவிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எழுந்து சமையலறைக்குப் போனாளா என்பது மட்டும் கிடைப்பதே இல்லை.

நான் கருவிகளோடு வேலை செய்கிறவள். ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு ரசாயன ஆலையில் இருபத்தேழு வருடங்களாக இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். குழாயில் எவ்வளவு அழுத்தம், தொட்டியில் எவ்வளவு திரவம் என்று காட்டும் முட்களையும் எண்களையும் நம்பித்தான் அங்கே ஆட்கள் நடமாடுகிறார்கள். வீடு பேர்லேண்டில். ஐம்பத்து நான்காவது வயதில், அறுபதுகளில் செய்த ஒரு வெளிர்நீலக் காரை வாங்கினேன். இரண்டே கதவு, நீளமான முன்பக்கம், மெத்தென்ற சோபா மாதிரி ஒரே சீட்டு. என் கணவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "ஏசி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதன்பிறகு அவர் அதில் ஏறவில்லை. சமையலறை அவருடையது, கராஜ் என்னுடையது என்று ஏற்கெனவே எங்களுக்குள் ஆகியிருந்தது.

காரின் டேஷ்போர்டில் வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு வட்ட ஓட்டை இருந்தது. அந்தக் காலத்தில் தனியாகக் காசு கொடுத்தவர்களுக்கு அங்கே கடிகாரம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் சொந்தக்காரர் கொடுக்கவில்லை போலும். ஒரு தகர மூடியால் அடைத்திருந்தது. வாழ்நாள் முழுக்க டயல் பார்த்தே பழகியவளுக்கு அந்தக் குருட்டு மூடி கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

பழைய கார் சாமான்கள் விற்கும் சந்தையில் ஒரு நாள் அந்த விமானக் கடிகாரத்தைப் பார்த்தேன். யுத்தக் காலத்து விமானத்திலிருந்து கழற்றியது என்றார் விற்றவர். கறுப்பு முகம். எண்களும் முட்களும் தடிமனான, காவியேறிய மஞ்சள் பூச்சில். கீழே சாவி கொடுக்க ஒரு குமிழ். ஒரு தடவை முறுக்கினால் எட்டு நாள் ஓடும், ஒயர் வேண்டாம். பழைய காரின் ஒயர்களை நான் நம்புவதில்லை என்பதால் அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. கையில் வாங்கியபோது நல்ல கனம். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கடிகாரம் ஓட்டையைவிட அரை அங்குலம் பெரியது. அறுபது வருடத் தகட்டை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டு வாரம் அளந்தேன். அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிறன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டி, அரத்தால் ராவி, ஓரத்தை வழவழப்பாக்கினேன். மிகப் பெரிய ஆபத்தைத் தாண்டிவிட்டதாக அன்று நினைத்தேன்.

புதன்கிழமை என் பெண், தான் குடியிருக்கும் எடிசன் ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினாள். ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. கோயிலில் அர்ச்சனை முடித்து, பக்கத்தில் ஒரு ஹாலில் சாப்பாடு என்று ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, சனிக்கிழமை மாலைதான் வருவதாக இருந்தார்.

மறுநாள் நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நிமிட முள் மணி முள்ளைத் தாண்டும்போது அதில் உரசி நின்றுவிடும். கண்ணாடியைக் கழற்றி முள்ளைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும். பெண் மாங்காய்த் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, திஸ் வாஸ் இன் எ பிளேன்?"

"ஆமா. குண்டு போடற பிளேன்னு சொன்னார்."

கண்ணாடியைக் கழற்றியதும் முட்களின் பூச்சிலிருந்து பொருக்கு பொருக்காகத் தூள் உதிர்ந்தது. சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். மூலையில் இருந்தது போகவில்லை. குனிந்து வாயால் ஊதினேன். என் பெண் மேஜையில் விழுந்த ஒரு பொருக்கை ஆள்காட்டி விரலில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "மஞ்சப்பொடி மாதிரி இருக்கு" என்று தமிழில் சொன்னாள். டி-ஷர்ட்டில் விரலைத் துடைத்துக்கொண்டாள். அதன்பின் நான் முள்ளை நிமிர்த்தினேன், நிமிட முள் மணி முள்ளைத் தாண்டி ஓடியது, இரண்டு பேரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆலையில் சாப்பிடும்போது கடிகாரத்தின் படத்தை என்னோடு வேலை செய்யும் டெக்னீஷியனிடம் காட்டினேன். டெக்ஸாஸ்காரர், அறுபது வயதுக்கு மேல், ஆகாய விமானப் பைத்தியம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதைத் திறக்காமல் வைத்திருக்கிறாய்தானே என்று கேட்டார். திறந்தேன் என்றேன். அவர் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். இருட்டில் விமானிக்குத் தெரிவதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் கலந்து பூசியது அது, வெளிச்சம் தருவது நின்றுபோயிருக்கும், ரேடியம் இன்னும் அப்படியேதான் இருக்கும் என்றார்.

எனக்கு அவர் அதற்குமேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆலையில் சில தொட்டிகளில் கதிரியக்கத்தை வைத்து அளக்கும் கருவிகள் உண்டு. வருடா வருடம் அதற்கான பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவள் நான். மஞ்சள் எச்சரிக்கை அட்டை தொங்கினால் மற்றவர்களைப் பத்தடி தள்ளி நிறுத்தி அதட்டுகிறவள். வெளியே இருந்து படுவதைவிட உள்ளே போவதுதான் மோசம், தூளை ஊதாதே, தொட்ட கையால் சாப்பிடாதே என்று நானே புது ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ரேடியம் உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழந்தைக்கு அப்போது எலும்பு வளர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு நாற்பது நிமிட ஓட்டம். ஃப்ரீவேயிலிருந்து எந்த எக்ஸிட்டில் இறங்கினேன் என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கராஜைப் பூட்டி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினேன். பெண் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நேத்து போட்டிருந்த டி-ஷர்ட் எங்க?"

"அப்பா லாண்டரில போட்டுட்டார்."

"மாங்கா சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவினியா நீ?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியல. ஒய்?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். என் வாயிலிருந்து வந்தது வேறு. "ஒண்ணுமில்ல. ஆயில் கறை ஏதாவது பட்டிருக்குமோன்னு பார்த்தேன்."

"ஐ ஆம் ஃபைன்மா" என்று சொல்லிவிட்டு அவள் போனுக்குத் திரும்பினாள்.

வளைகாப்புக்குப் பழம் வாங்க வேண்டும் என்று கணவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் சொன்னேன்.

"ரேடியம்னா, பைக் பின்னாடி ஒட்டுவாங்களே, அதுவா?" என்றார்.

இல்லை என்று விளக்கினேன். நான் பேசப் பேச அவர் முகத்தைத் திருப்பி, டிராலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். இப்ப சொன்னா வளைகாப்பு அன்னிக்கு அழுதுகிட்டு உக்காந்திருப்பா. எவ்வளவுன்னு தெரியாம எதுக்குப் பயமுறுத்தணும்?"

"எவ்வளவுன்னு தெரிஞ்சிக்க யார்கிட்ட கேக்கறது?"

அவருக்கே பதில் தோன்றியது. நாங்கள் சனிக்கிழமைகளில் உதவப் போகும் தமிழ்ப் பள்ளியில் நாகர்கோவில்காரர் ஒருவர் மூன்றாம் வகுப்பு எடுப்பார். ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர். கிறிஸ்துமஸுக்கு வருடா வருடம் எங்களுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்து தருகிறவர். கணவர் அங்கேயே போன் போட்டார். அவர் அதிகம் கேட்கவில்லை. தூசியை யாரும் பெருக்கக் கூடாது, வாக்குவம் போடவே கூடாது, வகுப்புக்கு வேறொருவரைச் சொல்லிவிட்டுக் காலையில் வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை பெண்ணுக்கு மருதாணி வைக்க அப்பாயின்ட்மென்ட் இருந்தது. கணவர் அவளை அங்கே விட்டுவிட்டு வருவதாகத் திட்டம். அவள் கிளம்பத் தாமதமாகிக்கொண்டே போனது. காதுத் தோட்டைக் காணோம் என்று தேடினாள். நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அதற்குள் நாகர்கோவில்காரர் வந்துவிட்டார். கையில் உணவு டப்பா அளவுக்குக் கதிர்வீச்சை அளக்கும் ஒரு கருவி, ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் கவர்கள், கையுறைகள். அவரை வெளிவழியாகவே கராஜுக்கு அழைத்துப் போனேன்.

அவர் கையுறை போட்டு, காலில் உறை மாட்டி, கருவியை முடுக்கினார். கதவருகில் அது எப்போதாவது ஒரு தடவை டிக் என்றது. அது எங்கும் இருப்பதுதான் என்றார். மேஜையை நெருங்க நெருங்க சத்தம் அடர்ந்தது. கடிகாரத்துக்கு மேலே வந்ததும் தனித்தனி டிக்குகள் காணாமல் போய், வாணலியில் எண்ணெய் பொரிவதுபோல் ஒரே இரைச்சல். பெயின்ட் பிரஷ். இரைச்சல். என் ஏப்ரன். இரைச்சல். நான் ஊதிய பக்கம், மேஜையின் இடது ஓரம், கீழே தரை. பெண் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குப் போனார். அங்கே சத்தம் குறைந்தது.  குறைந்ததே தவிர நிற்கவில்லை.

"வாட் இஸ் தட்?"

வீட்டுக்குள் இருந்து கராஜுக்கு வரும் கதவைத் திறந்துகொண்டு அவள் நின்றாள். ஒரு காதில் மட்டும் தோடு. பின்னால் அவள் அப்பா.

நான் சொன்னேன். ஆலையில் விபத்து அறிக்கை கொடுப்பதுபோல் வரிசையாகச் சொன்னேன். பூச்சில் ரேடியம் இருந்தது, எனக்குத் தெரியாது, நேற்று மதியம் தெரிந்தது, இவர் அளக்க வந்திருக்கிறார். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு படி இறங்கினாள்.

"மக்ளே, அங்கனயே நில்லு. உள்ள வராண்டாம். நான் வாறேன்" என்றார் நாகர்கோவில்காரர்.

காலுறையைக் கழற்றிப் பையில் போட்டு, கையுறை மாற்றிக்கொண்டு, கருவியின் மூக்கை ஈரத்துணியால் துடைத்துச் சோதித்துவிட்டு அவளிடம் போனார்.  ஒவ்வொரு விரலாக, உள்ளங்கை, மணிக்கட்டு, தலைமுடி, உதடுகளைச் சுற்றி என்று மிக மெதுவாகக் கருவியை நகர்த்தினார். டிக். வெகுநேரம் கழித்து இன்னொரு டிக். வயிற்றருகே கொண்டுபோனபோது அவள் கண்களை மூடிக்கொண்டாள். அங்கேயும் அதே இடைவெளிதான்.

"வியாழக்கிழமை இங்க என்ன செருப்பு போட்டிருந்த?"

கதவோரம் கிடந்ததைக் காட்டினாள். வலது செருப்பின் அடியில் கருவி படபடத்தது. அதைப் பையில் போட்டுக் கட்டினார். அந்தச் செருப்பு வீட்டுக்குள் போவதில்லை என்று அவள் அப்பா சொன்னார்.  டி-ஷர்ட், வாஷிங் மெஷின், மாங்காய்த் தட்டு, சோபா எல்லாவற்றையும் நாகர்கோவில்காரர் அளந்து பார்த்தார். ஒன்றுமில்லை. கடைசியில் என் கை. வலது கட்டைவிரல் நக இடுக்கில் கருவி சடசடவென்று அடித்தது. மூன்று முறை தேய்த்துக் கழுவிய பிறகுதான் அடங்கியது.

"டெல் மீ தி ட்ரூத், அங்கிள்" என்றாள் பெண்.

அவர் சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். பக்கத்துல அரை மணிநேரம் இருந்தது பெரிய விஷயம் இல்ல. விரல்ல ஒட்டினது வாய்க்குள்ள போச்சான்னுதான் பாக்கணும். போயிருந்தாலும் ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும். யூரின் டெஸ்ட் இருக்கு, நான் ஏற்பாடு செஞ்சு தாறேன். உன் டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லணும். பயப்படாண்டாம். ஆனா அளக்காம விடாண்டாம்."

அவள் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யூ ஆஸ்க்ட் மீ அபௌட் மை ஹாண்ட்ஸ். எஸ்டர்டே. தெரிஞ்சுதான கேட்ட?"

"ஆமா."

"ஆயில்னு சொன்ன."

 எவ்வளவு என்று தெரிந்தபின் சொல்லலாம் என்று நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொல்ல வாய்வரை வந்தது. கடிகாரத்தைத் திறந்தது அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு வேலையிலேயே தெரியும். அங்கே முதலாவதற்கு மறுபயிற்சி கொடுப்பார்கள், இரண்டாவதற்கு வேலையை விட்டு அனுப்புவார்கள்.

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் பேசினாள், பிறகு மாப்பிள்ளையிடம். நாங்கள் மூவரும் கராஜில் வேலை செய்தோம். கடிகாரத்தை இரண்டு கவர்களில் போட்டு ஒரு பெயின்ட் டப்பாவுக்குள் வைத்து மூடினோம். ஈரத் துணியால் ஒற்றி, மடித்து, அடுத்த துணி எடுத்து, மேஜையையும் தரையையும் துடைத்தோம். ஏப்ரனும் பிரஷ்ஷும் ஸ்டூலும் பைகளுக்குள் போயின. ஒவ்வொரு தடவையும் கருவியை வைத்துக் கேட்டோம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கராஜ் முழுக்க டிக்குகளுக்கிடையில் அமைதி வந்தது.

வளைகாப்பு நடந்தது. நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, "எல்லாரும் வராங்க, நடக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். மயில்கழுத்துப் பட்டுப் புடவையில், மருதாணி இல்லாத கைகளோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாயின்ட்மென்ட் தவறிவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னாள். என் முறை வந்தபோது சந்தனம் எடுத்தேன். அவள் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாமல், "கழுவினியா?" என்றாள். கழுவினேன் என்றேன். தோல் சிவந்து எரியும் அளவுக்குக் கழுவியிருந்தேன். கன்னத்தைக் காட்டினாள். வளையலை ஏற்றும்போது கையை விறைப்பாக வைத்திருந்தாள். கண்ணாடி உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக ஏற்றினேன்.

எங்கள் இருவருக்கும் எடுத்த டெஸ்ட்டின் முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த நாட்களில் அவள் எடிசனிலிருந்து அப்பாவுக்கு மட்டும் போன் செய்தாள். சமையலறையில் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்கும். நான் கூடத்தில் நின்று கேட்பேன். கணவர், "அம்மா இங்கதான் இருக்கா" என்பார்.  அவள் தூக்கம் வருகிறது என்பாள்.

அவளுடைய முடிவில் ஒன்றும் இல்லை. எனக்குத் திரும்ப ஒருமுறை எடுக்கச் சொன்னார்கள், அதுவும் சரியாகவே வந்தது. நாகர்கோவில்காரர் போனில் அதைப் படித்துக் காட்டியபோது நான் ஆலையின் பார்க்கிங்கில் இருந்தேன். உள்ளே போகப் பதினைந்து நிமிடம் ஆனது. அவளுக்கு நானே போன் செய்தேன். எடுத்தாள்.

"எனக்கும் மெயில் வந்துடுச்சும்மா" என்றாள். பிறகு, "நீ எப்படி இருக்க?" என்று கேட்டாள்.

ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் எடிசனில் ஆறு வாரம் இருந்தேன். முதல் நாளே அவள் ஒரு விஷயம் சொன்னாள், கோபமாக இல்லை, ஆபீசில் பேசுவதுபோல். குழந்தைக்குத் தும்மல் வந்தால்கூட, பால் கக்கினால்கூட, அவளிடம் உடனே சொல்ல வேண்டும். அவள் பயப்படுவாளா மாட்டாளா என்பதை நான் தீர்மானிக்கக் கூடாது. சரி என்றேன். ஒரு நாள் குளிப்பாட்டும்போது சோப்புக் கை வழுக்கி, குழந்தையின் தலை டப்பின் ஓரத்தில் லேசாக இடித்தது. அழக்கூட இல்லை. ஈரக் கையோடு போய், தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிச் சொன்னேன். வந்து பார்த்தாள். தலையைத் தடவினாள். "ஓகே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிடு என்றுதான் என் கணவர் சொன்னார். குப்பையில் போடக்கூடிய பொருள் இல்லை அது. இதற்கென்றே உரிமம் வைத்திருக்கும் பட்டறை ஒன்று வேறொரு மாநிலத்தில் இருப்பதை நாகர்கோவில்காரர் கண்டுபிடித்துக் கொடுத்தார். முறைப்படி கட்டி அனுப்பினோம். கோடையில் திரும்பி வந்தது. பழைய பூச்சு முழுவதும் போய், அதே எண்கள், அதே முட்கள், சாதாரண வெள்ளைப் பெயின்ட்டில். இருட்டில் ஒளிராது. மாட்டுவதற்கு ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. பின்பக்கம் தாங்க ஒரு அலுமினிய வளையம், நான்கு திருகுகள். மூன்றாவது திருகை முடுக்கும்போது டேஷ்போர்டின் கீழ் மல்லாந்து கிடந்தேன். எனக்கு டார்ச் பிடிக்க என் கணவர் முதல்முறையாக அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நவம்பரில் அவர்கள் எல்லோரும் வந்தார்கள். அந்தக் காரில் குழந்தை சீட்டு பொருத்த வழியில்லை, அதனால் குழந்தை தாத்தாவிடம் இருந்தது. என் பெண் கராஜில் காரைச் சுற்றி வந்து, ஜன்னல் வழியாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். பூச்சை நீக்கியதற்குப் பட்டறை கொடுத்த காகிதங்களைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் நின்றபடியே படித்து மடித்துக் கொடுத்தாள்.

"கேன் ஐ டிரைவ்?"

சாவியைக் கொடுத்தேன். பவர் ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கை முன்கூட்டியே மிதிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். தெரு முனையில் வலது பக்கம் திரும்பினாள். வண்டிகள் பறக்கும் ஃப்ரீவே மட்டும் வேண்டாம் என்றேன். அவள் ஜன்னலை இறக்கிவிட்டு, சிக்னல் மாறியதும் ஃப்ரீவே பக்கம்தான் வண்டியைத் திருப்பினாள்.